ஏழு, பதின்மூன்று, பத்தொன்பது

நவம்பர் 3, ஞாயிறு

இல்லை, தண்ணீருக்கு இல்லை. தண்ணீர் வந்தால்தான் இங்கே எல்லோரும் திட்டுவார்கள். இதை அம்மாவிடம் போனில் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. நான்காவது தடவையும் "எத்தனை அடியில தண்ணி வந்துச்சு சாமி?" என்றுதான் கேட்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. திருச்செங்கோட்டில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவன் போர்வெல் லாரியில் இருக்கிறான். பூமியில் ஓட்டை போட்டால் அது தண்ணீருக்குத்தான்.

இங்கே தேடுவது செம்பு, துத்தநாகம், கொஞ்சம் வெள்ளி, அதிர்ஷ்டம் இருந்தால் தங்கம். இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் துளை போடுகிறார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. காலேஜில் லேபுக்குள் நுழையும்போதே சீனியரின் ரெக்கார்டு நோட்டில் ரீடிங் தயாராக இருக்கும். பார்த்து எழுதிவிட்டு கேன்டீனுக்குப் போய்விடலாம்.

இடம்: ரியாத்திலிருந்து மேற்கே ஒரு நாள் ஓட்டம். தார் ரோடு முடிந்த பிறகு நூற்று நாற்பது கிலோமீட்டர் வெறும் சரளை. இந்த இடத்துக்குப் பெயர்கூட இல்லை, லைசன்ஸில் ஒரு எண் இருக்கிறது. சுற்றிலும் கருகிய தோசைக்கல் நிறத்தில் சின்னச் சின்னக் குன்றுகள். ஆறு தகர கேபின், துளை போட ஒரு ரிக், ஒரு கம்ப்ரசர். போன் சிக்னல் வேண்டுமானால் பின்னால் இருக்கும் குன்றில் ஏற வேண்டும்.

அம்மாவிடம் காலேஜ் ட்ரெயினிங் நன்றாகப் போகிறது என்றேன்.

நவம்பர் 5, செவ்வாய்

ரிக்கில் நாங்கள் மூன்று பேர். டிரில்லர் அர்த்தநாரி அண்ணன், நம் ஊர்க்காரர், மல்லசமுத்திரம். பதினோரு வருடமாக வளைகுடாவில் தண்ணீருக்குத் துளை போட்டவர், உலோகத்துக்கு இதுதான் முதல் கேம்ப். ஹெல்பர்கள் நானும் டில் பகதூரும். பகதூர் நேபாளி. நாள் முழுக்க மொத்தம் பத்து வார்த்தை பேசுவான், அதில் எட்டு கெட்ட வார்த்தை.

வேலை நம் போர்வெல் மாதிரியேதான். சுத்தியல் பிட் கல்லை இடித்துக்கொண்டே இறங்கும், காற்று தூளை மேலே ஊதும். ஒரு ராடு, அதாவது பிட்டை இறக்கும் இரும்புக் குழாய், ஆறு மீட்டர். ஆறு மீட்டர் இறங்கியதும் நிறுத்தி, அடுத்த ராடின் மரைக்கு கிரீஸ் தடவி, முறுக்கி, மறுபடி இறக்க வேண்டும். ஒரே வித்தியாசம், ஊரில் தூள் பக்கத்துத் தோட்டத்தில் போய் விழும். இங்கே ஒவ்வொரு மீட்டர் தூளையும் தனித்தனி மூட்டையில் பிடித்து நம்பர் போட வேண்டும். ஒரு மூட்டை இருபத்தைந்து கிலோ. தொண்ணூறு மீட்டர் துளைக்குத் தொண்ணூறு மூட்டை. வரிசையாகத் தரையில் வைத்துப் பார்த்தால் பூமியைப் படுக்கப் போட்டு வைத்த மாதிரி இருக்கிறது.

நவம்பர் 8, வெள்ளி

இன்று லீவு, ஆனாலும் ஒரு ஆபரேஷன் நடந்தது.

மூட்டைகளுக்கெல்லாம் எஜமானி ஜெபசீலி. ஜியாலஜிஸ்ட், தூத்துக்குடிக்காரி, இருபத்தெட்டு வயது. அர்த்தநாரி அண்ணன் அவளை "அம்மிணி" என்பார். முதல் நாள் முறைத்தாள், இப்போது பழகிவிட்டது. அவர் கையில் இருக்கும் கல்யாண மோதிரம் அவள் கண்ணில் இன்றைக்குத்தான் பட்டது.

"அண்ணாச்சி, அதக் கழத்துங்க. தங்கம் தேடுத எடத்துல தங்கத்தப் போட்டுட்டு நிக்கீங்க."

"பதினாறு வருசமா கழத்துனதில்லீங் அம்மிணி."

"மூட்டையில ஒரு துளி உரசி விழுந்தாப் போதும். லேப்ல உங்க கல்யாணத்தத்தான் அளந்து அனுப்புவான்."

சோப்பு, எண்ணெய், நூல், எதற்கும் வரவில்லை. கடைசியில் நான் ஹேக்ஸா பிளேடு எடுத்து அறுத்தேன். அறுக்கும்போது அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "வீட்டுல கேட்டா என்றா சொல்றது?" என்றார்.

"வெரல் குண்டாயிருச்சுன்னு சொல்லுங்ணா."

"வெரல் மட்டுமா," என்றாள் ஜெபசீலி. அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

அண்ணிக்கு இங்கே வர ஆசை. ஹெல்பருக்கும் டிரில்லருக்கும் குடும்ப விசா கிடையாது. சூப்பர்வைசர் ஆனால் உண்டு. சாப்பிடும்போதெல்லாம் இதைச் சொல்கிறார்.

நவம்பர் 11, திங்கள்

நாலாம் துளை ஆரம்பித்தோம். முதல் ராடு இறங்கும்போதே கிரீஸ் வாளி காலி. கம்பெனி கொடுக்கும் கிரீஸ் ஒரு வெளிறிய கஞ்சி, சூட்டில் உருகி ஓடிவிடும், ராடு இறுகிக்கொள்ளும். நேற்று ஒரு ராடைக் கழற்ற நானும் பகதூரும் பைப் ரெஞ்சில் தொங்கினோம். புது வாளி தண்ணீர் லாரியில்தான் வரும், அதற்கு எட்டு நாள் ஆகும்.

அண்ணனின் பழைய டூல் பெட்டியைக் குடைந்தேன். தண்ணீர் ரிக்கிலிருந்து அவர் கொண்டுவந்தது. அடியில் ஒரு பெரிய டின், லேபிள் உரிந்துபோயிருந்தது. உள்ளே செம்பட்டை நிறத்தில் மினுமினுவென்று கிரீஸ். அள்ளி அள்ளிப் பூசினேன், மரை முழுக்கக் குளிப்பாட்டிவிட்டேன்.

"என்னத்தடா போட்ட? இப்படி வழுக்குது," என்றார் அண்ணன் லீவரிலிருந்து.

"உங்க டின்னுதானுங்ணா."

"அதா! பொழச்சுக்குவ போ. ஊர்ல அதப் போட்டா ராடு ஒரு நாளும் புடிக்காது."

நவம்பர் 12, செவ்வாய்

ராடு வெண்ணெய் மாதிரி கழல்கிறது. பகதூர் என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தான்.

நவம்பர் 15, வெள்ளி

லீவு நாளில் எதற்கு சாம்பிள் ஷெட்டுக்குப் போனேன் என்று கேட்டால், போர் அடித்தது. ஜெபசீலி ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, சல்லடையில் கழுவி, லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒரு பிளாஸ்டிக் தட்டின் சின்னச் சின்ன அறைகளில் வைப்பாள். தட்டுக்கு இருபது அறை.

"என்னங்க தெரியுது அதுல?"

"கல்லு."

"அது எனக்கே தெரியுதுங்க."

"அப்பம் நீயே பாரு." சல்லடையை நீட்டிவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

பார்த்தேன். காய்ந்தால் எல்லாம் சாம்பல் தூள். நனைந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பச்சை, அடர் பச்சை, நடுவே வெள்ளைக் கோடு, ஒன்று மட்டும் ஈரல் நிறம். முப்பத்தியோராவது மீட்டருக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் கல்லே மாறிவிடுகிறது. ஏன் அங்கே மாறுகிறது? அவள் திரும்பி வந்ததும் கேட்டேன். ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் எரிமலை இருந்ததாம், அது ஒரு நாள் ஓய்ந்து, மேலே சேறு படிந்ததாம். இங்கே. கடல்.

"அதெப்படிங்க தெரியும்? நீங்க பாத்தீங்களா?"

"ஏல, நீ காலேஜ்ல இப்பிடித்தான் கேட்டியா? அதான் வெளிய அனுப்பிட்டானுவளோ?"

யாரும் அனுப்பவில்லை, நானாக வந்தேன் என்றேன். எத்தனை அரியர் என்று கேட்டாள். டீ நன்றாக இருக்கிறது என்றேன்.

நாற்பது மூட்டை கழுவினேன். இடுப்பு விட்டுப்போய்விட்டது.

நவம்பர் 19, செவ்வாய்

நாலாம் துளை தொண்ணூறு மீட்டரில் முடிந்தது. தண்ணீர் லாரியில் இத்ரீஸ் வந்தான். சூடான்காரன், ஆறடி மூன்று அங்குலம், பாட்டு இல்லாமல் வண்டி ஓட்ட மாட்டான். கம்பெனி கிரீஸ் இரண்டு வாளி கொண்டுவந்தான். மினுமினு டின்னை மூடி மறுபடி பெட்டிக்குள் வைத்தேன்.

சாம்பிள்களை அவனிடமே ஏற்றிவிட்டோம். மீட்டர் மீட்டராகப் பார்த்தால் நாள் ஆகும் என்று, ஐந்து ஐந்து மீட்டரைச் சேர்த்துக் கலந்து ஒரு பொட்டலமாக அனுப்புகிறார்கள். ஜெபசீலியிடம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி உண்டு, மூட்டை மேல் வைத்து அமுக்கினால் அங்கேயே எவ்வளவு செம்பு என்று சொல்லுமாம். அது ரிப்பேருக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. "அது இருந்தா நான் ராணி. இல்லாட்டி உங்கள மாதிரி மூட்ட தூக்குத ஆளு," என்றாள்.

டிசம்பர் 4, புதன்

ரிசல்ட் வந்துவிட்டது!

முதல் மூன்று துளையிலும் செம்பு நாற்பது பிபிஎம். அதாவது பத்து லட்சத்தில் நாற்பது பங்கு, சும்மா எந்தக் கல்லிலும் இருக்கும். அதற்குப் பிறகு போட்ட ஐந்தாம் துளையிலும் அதே நாற்பது. நாலாம் துளையில் மட்டும் மேலிருந்து கீழ்வரை இருநூறு. நான்கு பொட்டலம் தவிர எல்லாவற்றிலும் இருநூறு. துத்தநாகம் அதே பழைய அளவுதான், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருநூறு என்பது வெட்டி எடுக்கிற அளவு இல்லை. ஆனால் பெரிய புதையலைச் சுற்றி இப்படி மெல்லிசாக ஒரு புகை மாதிரி பரவியிருக்குமாம். புகை இருந்தால் கீழே அடுப்பு இருக்கும் என்று ரியாத் ஆபீஸ் நினைக்கிறது. ஜெபசீலி குன்றின் மேல் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தாள். இறங்கி வரும்போது செருப்பு அறுந்ததுகூடத் தெரியவில்லை, ஒரு காலில் செருப்போடு வந்தாள்.

இத்ரீஸ் வழியில் ஒரு பெதூயின் இடையனிடம் ஆட்டுக்குட்டி வாங்கி வந்திருந்தான். அண்ணன் குழம்பு வைத்தார். மிளகாய்த்தூளை அளவில்லாமல் போட்டதில் இத்ரீஸ் கண்ணில் தண்ணீர். "சாதிக், திஸ் காப்பர்?" என்று குழம்பின் நிறத்தைக் காட்டிக் கேட்டான். அவனுக்கு எல்லோருமே சாதிக், அதாவது நண்பன்.

டிசம்பர் 6, வெள்ளி

ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பிப்ரவரியில் இரண்டு பெரிய ரிக் வரப்போகிறது. நாலாம் துளைக்கு அடியில் நானூறு மீட்டர் போகப்போகிறார்கள். மூன்று ரிக்குக்கும் அர்த்தநாரி அண்ணன் சூப்பர்வைசர். வாயால்தான் சொன்னார்கள், ஆனால் கை கொடுத்துச் சொன்னார்கள். அண்ணன் உடனே குன்றில் ஏறினார். இறங்கி வர ஒரு மணி நேரம் ஆனது.

ஜெபசீலிக்கு அறிக்கை எழுதுகிற வேலை. கீழே அவள் பெயர், அவள் கையெழுத்து. அதற்கு முன் நாலாம் துளையை மீட்டர் மீட்டராகப் பார்க்க மீதி சாம்பிளையும் அனுப்பியிருக்கிறாள்.

என்னைக் கூப்பிட்டு, "ஜனவரியிலருந்து நீ ரிக்கில வேண்டாம், ஷெட்டுக்கு வாரியா? ஓயாம கேள்வி கேக்கதுக்கு ஒரு ஆளு வேணும்," என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சும்மா சொன்னேன். யோசிக்க ஒன்றுமில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

மீட்டர் கணக்கு வந்தது. ஜெபசீலி ஆபீஸுக்குப் போன் போடக் குன்றுக்குக் கிளம்பினாள், தாளை என்னிடம் கொடுத்து ரெஜிஸ்டரில் ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். இந்த நோட்டிலும் ஒரு காப்பி எழுதிக்கொண்டேன், சும்மாதான்.

ஒன்று முதல் ஆறு மீட்டர் வரை நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பத்தியொன்று. ஏழாவது மீட்டர் தொள்ளாயிரத்து ஐம்பது. பிறகு நாற்பது. பதின்மூன்றாவது ஆயிரத்து இருபது. இதே மாதிரி பத்தொன்பது. இருபத்தைந்து. முப்பத்தியொன்று.

மதியம் பருப்பு.

டிசம்பர் 16, திங்கள்

வேலை இருந்தது.

டிசம்பர் 17, செவ்வாய்

காற்று. மண். வேலை.

டிசம்பர் 18, புதன்

சரி, எழுதிவிடுகிறேன். ஏழு, பதின்மூன்று, பத்தொன்பது என்று ஓடினால் ஜியாலஜிஸ்ட்டுக்கு அது செம்பு ஓடும் மெல்லிய கோடுகள். ஜெபசீலி அப்படித்தான் சொன்னாள், "வரிசையா நரம்பு மாதிரி இருக்கு பாத்தியா." ராடு மாட்டுகிறவனுக்கு அது வேறு. ஒவ்வொரு புது ராடு மாட்டியதும் வருகிற முதல் மீட்டர். பூசிய கிரீஸ் காற்றில் அடித்துக்கொண்டு அந்த மூட்டையில்தான் விழும். பதினான்கு தடவை ராடு மாட்டினேன். தாளிலும் பதினான்கு இடம். எண்ணிவிட்டேன். நான்கு தடவை எண்ணினேன்.

மினுமினு டின்னைத் திறந்து விரலில் தேய்த்துப் பார்த்தேன், மினுக்குவது செம்புத்தூள். சூடு தாங்குவதற்காகச் சேர்ப்பார்களாம். மோதிரத்தை அறுத்து எடுத்த அதே கையால் அள்ளிப் பூசியிருக்கிறேன்.

அண்ணனிடம் சுற்றி வளைத்துக் கேட்கலாம் என்று போனேன். எனக்குச் சுற்றி வளைக்க வராது.

"அண்ணா, நாலாம் போர்ல இருக்கறது நம்ம கிரீஸுங்ணா."

கம்ப்ரசருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. முழுக்க ஊற்றி, மூடியைத் திருகி, கையைத் துடைத்தார்.

"யாருகிட்டயாச்சும் சொன்னயா?"

"இல்லீங்."

"தெரியுமா, இல்ல தோணுதா?"

எண்களைச் சொன்னேன். முதல் மூன்று எண்ணிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் ராடு மாட்டி வளர்ந்தவர்தானே.

"நெம்பப் படிச்சவங்க ரியாத்துல இருக்கறாங்க. அவங்களுக்கே தெரியலீன்னா உனக்கென்னடா? எல்லா போர்லயுந்தான் கிரீஸ் போடறோம்."

"நாலாம் போர்ல மட்டுந்தான் அந்த டின்னுங்ணா."

"பிப்ரவரில என்ற ஊட்டுக்காரி வர்றாடா. பதினோரு வருசம். டிக்கெட்டு பாக்கச் சொல்லிட்டேன்." டீசல் கேனை ஓரமாக வைத்தார். பிறகு, "உங்கம்மா இது காலேஜ் ட்ரெயினிங்குன்னு நெனச்சுட்டு இருக்குதாமா. நானென்ன போன் போட்டா சொன்னேன்? சில விசயத்த வாயத் தொறக்காம உட்டர்றதுதான்."

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

டிசம்பர் 19, வியாழன்

சொல்லிவிட்டேன்.

நல்லவன் என்பதால் இல்லை. அவர்கள் நானூறு மீட்டர் போவார்கள், கீழே ஒன்றும் இருக்காது. ஏன் இல்லை என்று பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வார்கள், கடல், எரிமலை என்று கதை கட்டுவார்கள். விடை இந்த உலகத்தில் எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரியும். நினைத்தாலே அரிக்கிறது. இன்னொன்று, கையெழுத்து ஜெபசீலியுடையது.

அறிக்கை அடித்துக்கொண்டிருந்தாள். டின்னை மேஜை மேல் வைத்துத் திறந்தேன். ஒரு நிமிடம் பார்த்தாள்.

"என்னது இது?"

"நாலாம் போருங்க."

தாளை எடுத்தாள். பென்சிலால் ஏழில் ஒரு கோடு, பதின்மூன்றில் ஒரு கோடு. எட்டாவது கோட்டில் பென்சில் நின்றுவிட்டது.

"செம்பு ஏறுனா துத்தநாகமும் சேந்து ஏறும். இதுல ஏறல. எனக்குத் தோணிருக்கணும்," என்றாள், என்னிடம் இல்லை. பிறகு என்னிடம்: "எப்பம் தெரியும் உனக்கு?"

"ஞாயித்துக்கெழம."

"இன்னைக்கு வியாழன்."

"ஆமாங்க."

"நாலு நாளு நான் பைத்தியக்காரி மாதிரி நரம்பு நரம்புன்னு எழுதிட்டு இருந்தேன். நீ எதுத்தாப்ல உக்காந்து டீ குடிச்ச."

ஆமாம், குடித்தேன்.

"அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

டின்னை எடுத்தது நான், பூசினது நான், அவர் லீவரில் இருந்தார் என்றேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. அவளுக்கும் அது தெரியும். ஆனால் திரும்பக் கேட்கவில்லை.

டிசம்பர் 21, சனி

இன்று பகதூர்கூடத் திட்டவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆபீஸ் பதில் வந்தது. பெரிய ரிக்குகள் ரத்து. நாலாம் துளைக்கு இரண்டு மீட்டர் தள்ளி, சரியான கிரீஸ் போட்டு, அதே தொண்ணூறு மீட்டருக்கு இன்னொரு துளை. அதிலும் ஒன்றும் இல்லையென்றால் கேம்ப் மூடல். டிரில்லருக்கு எழுத்தில் எச்சரிக்கை, சூப்பர்வைசர் பேச்சு இல்லை. சம்பந்தப்பட்ட ஹெல்பர் சாம்பிள் பக்கம் வரக்கூடாது, அடுத்த தண்ணீர் லாரியில் கேம்பை விட்டுக் கிளம்ப வேண்டும்.

சம்பந்தப்பட்ட ஹெல்பர். நல்ல பெயர்.

அண்ணன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கேபினுக்குள் போய்விட்டார். குன்றில் ஏறவில்லை. அண்ணிக்கு இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

கேபினிலேயே இருக்கிறேன். பாத்திரம் கழுவினேன், ஜெனரேட்டர் ஃபில்டர் மாற்றினேன். செய்ய வேறு ஒன்றும் இல்லாமல் இந்த நோட்டில் இருக்கும் நாலாம் துளைக் கணக்கில் பதினான்கு கிரீஸ் மீட்டர்களையும் அடித்துவிட்டு மீதியைத் திரும்பப் படித்தேன். நாற்பது, முப்பத்தொன்பது, நாற்பத்திரண்டு. எண்பத்துநான்கு மீட்டர் வரை தூங்கி வழிகிறது. எண்பத்தைந்து கிரீஸ், அடித்தாயிற்று. எண்பத்தாறு: ஐம்பத்தெட்டு. அப்புறம் அறுபத்தாறு, எழுபத்தொன்பது, எண்பத்தெட்டு. தொண்ணூறாவது மீட்டர்: தொண்ணூற்றேழு.

அங்கே கிரீஸ் இல்லை. ஆயிரத்துக்குப் பக்கத்தில் தொண்ணூறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. எங்கள் அழுக்கைத் துடைத்த பிறகுதான் தெரிகிறது.

ஷெட் வாசலில் நின்றேன், உள்ளே போகவில்லை.

"மேடம், அடியில ஏறுதுங்க."

"இன்னும் ஒரு டின்னு கொண்டாந்திருக்கியா?"

நோட்டைத் தரையில் வைத்துத் தள்ளினேன். எடுத்துப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"கிரீஸ் மிச்சமா கீழ ஒட்டிருக்கலாம்லா?"

"அப்ப எல்லா ராடுக்கு அப்புறமும் மிச்சம் ஒட்டியிருக்கோணுமில்லீங்க? அம்பதாவது மீட்டர் சுத்தமா இருக்குது."

நோட்டை அவள் உடனே திருப்பித் தரவில்லை. சாயங்காலம் பகதூர் கொண்டுவந்து கொடுத்தான். நல்லவேளை, அவளுக்கு மற்ற பக்கங்களைப் படிக்க நேரம் இருந்திருக்காது. அல்லது இருந்திருக்கும். கடைசிப் பக்கத்தில் பென்சிலால், "புதுத் துளைய நூத்தி இருபது வரைக்கும் போக அனுமதி கேட்டேன். தொண்ணூறுதான்னு சொல்லிட்டானுவ."

டிசம்பர் 28, சனி

தண்ணீர் லாரியின் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பை சீட்டில் இருக்கிறது. இத்ரீஸ் தண்ணீரைத் தொட்டிக்கு இறக்கிக்கொண்டிருக்கிறான். வழக்கமாக முக்கால் மணியில் இறக்கிவிடுவான். இன்றைக்கு வால்வைக் கால்வாசிதான் திறந்திருக்கிறான். "பம்ப் சிக், சாதிக். வெரி சிக்," என்று கண்ணடிக்கிறான். பம்புக்கு ஒன்றுமில்லை.

எதிரே எண்பது அடி தூரத்தில் ரிக். புதுத் துளை எண்பத்தாறில் இருக்கிறது. ரிப்பேருக்குப் போன துப்பாக்கி இந்த லாரியில்தான் வந்தது. காலையிலிருந்து ஜெபசீலி இந்தப் புதுத் துளையின் மூட்டைகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக அமுக்கி, எண்ணை எனக்குக் கேட்கும்படி கத்துகிறாள். யாரிடம் கத்துகிறாள் என்று கேட்டால் பகதூருக்காம். பகதூருக்குத் தமிழ் தெரியாது.

ஏழு: முப்பத்தெட்டு. பதின்மூன்று: நாற்பத்தியொன்று. பத்தொன்பது: முப்பத்தொன்பது. ஆக, கிரீஸ்தான். இனி யாருக்கும் சந்தேகம் இல்லை. அண்ணன் லீவரைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்.

எண்பத்தாறு: ஐம்பத்தேழு.

எண்பத்தெட்டு: எழுபத்தெட்டு.

தொண்ணூறு: தொண்ணூற்றொன்பது.

பகதூர் முறுக்கிய பதினைந்து ராடும் உள்ளே போயாகிவிட்டது. சத்தம் நின்றது. அனுமதி இவ்வளவுதான். ஜெபசீலி துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு துளையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அண்ணன் இறங்கி வந்தார். ராடு அடுக்குக்குப் போனார், தானே ஒரு ராடைக் கொக்கியில் மாட்டினார். கம்பெனி கிரீஸ் வாளியை ஜெபசீலி மூக்குக்கு நேராகக் காட்டிவிட்டு ஒரே ஒரு விரலால் தொட்டுப் பூசினார்.

"அண்ணாச்சி, தொண்ணூறுதான் சொல்லிருக்கானுவ."

"என்ற கணக்குல எண்பத்துநாலுதானுங் அம்மிணி ஆச்சு. தப்பா எண்ணிட்டேன் போலிருக்குது. எனக்குத்தான் ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை லெட்டர் இருக்குதே, ரெண்டாவதையும் பக்கத்துல வெச்சுக்கறேன்."

இந்தப் பத்து நாளில் அவர் பேசி நான் கேட்ட முதல் பேச்சு. என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் நான் கேட்கும்படிதான் பேசினார்.

தொண்ணூற்றியொன்று. தொண்ணூற்றிரண்டு. எண் வரவில்லை, ஜெபசீலி கத்த மறந்துவிட்டாள். தூளின் நிறம் மாறிவிட்டது, இங்கிருந்தே தெரிகிறது, சாம்பல் போய்க் கறுப்பு. காற்றில் தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு வாசனை. இத்ரீஸும் மூக்கை உறிஞ்சினான்.

ஜெபசீலி சல்லடையோடு ஓடி வந்தாள். கழுவிய தண்ணீர் சட்டை முழுக்கச் சொட்டுகிறது. ஒரு கை தூரத்தில் நின்றாள்.

"நீ தொடக்கூடாது. பாக்கக்கூடாதுன்னு லெட்டர்ல இல்ல. என்ன தெரியுது, சொல்லு."

கறுப்புச் சில்லுகள். அதில் மூன்று சில்லில் மஞ்சளாக ஏதோ மின்னுகிறது. செம்புக் கல்லும் மஞ்சள், ஒன்றுக்கும் உதவாத இரும்புக் கல்லும் மஞ்சள். இப்படி தூரத்தில் வைத்துப் பார்த்தால் யாராலும் சொல்ல முடியாது.

"கத்தில கீறிப் பாருங்க. இரும்புன்னா கீறாது."

பாக்கெட்டில் கத்தி வைத்திருந்தாள். கேட்பேன் என்று எடுத்து வந்திருக்கிறாள். சில்லை சல்லடையின் விளிம்பில் வைத்து அழுத்தினாள். கத்தி முனை உள்ளே இறங்கியது. மஞ்சள் நொறுங்கிப் பச்சை கலந்த கறுப்புத் தூளாகக் கொட்டியது.

நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

"மூணு சில்லு. இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது," என்றாள். கத்தியைத் துடைத்து மடக்கினாள். "எனக்கு இங்க ஒரு கையி கொறையுது. ஆபீஸ்கிட்ட நான் பேசுதேன். பிப்ரவரியோ மார்ச்சோ. அதுவரைக்கும் ஊருல போய் என்ன பண்ணுவ?"

"அம்மாகிட்ட காலேஜ் விசயத்தச் சொல்லோணுங்க."

"அதச் சொல்லு மொதல்ல."

அவள் திரும்பி ஓடினாள். ரிக்கில் அண்ணன் அடுத்த ராடுக்குக் கொக்கியை இறக்குகிறார், நூற்றிரண்டுக்குப் போகப்போகிறார். தொண்ணூற்றேழில் என்ன இருக்கிறது? நூறில்? தொட்டி நிரம்பி வழிந்து தரையெல்லாம் ஓடுகிறது, இதற்கு மேல் பம்புக்கு உடம்பு சரியில்லை என்று யாரும் நம்ப மாட்டார்கள். இத்ரீஸ் குழாயைச் சுருட்டிவிட்டான். இன்ஜினைப் போட்டுவிட்டான். வண்டி ஆடுகிறது, எழுத முடியவில்லை. அதோ பகதூர் அடுத்த மூட்டையை இழுக்கிறான், அவள் துப்பாக்கியை வைக்கிறாள், இந்தப் பக்கம் பார்த்துக் கையைத் தூக்குகிறாள், விரலால் என்னவோ காட்டுகிறாள், எத்தனை என்று தெரியவி

கதவைச் சாத்தச் சொல்கிறான். நான் போகணும்.